புகைக்கு நடுவே ஒரு சந்து

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஏழு, நாத்தனார் கைக்குழந்தையாக விட்டுப் போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டில் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மூத்தவன் பட்டாளத்தில் இருக்கிறான். கடைக்குட்டி செண்பகம் சிங்கப்பூரில் குடித்தனம் செய்கிறாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும், எனக்கு என்ன அவசரம்.

எங்கள் இராஜபாளையத்தில் வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லோரும் கட்டடத்தின் உயரத்தையும் கடைவீதியின் வெளிச்சத்தையும் சொல்லுவார்கள். நான் போனபோது எதிரே நின்ற கட்டடமே கண்ணுக்குத் தெரியவில்லை. நான் புகையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதை நான் பார்த்த மாதிரி எங்கள் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை என்று தைரியமாகச் சொல்லுவேன். நான் அதைக் கீழே நின்றும் பார்த்தேன், வானத்துக்கு மேலே இருந்தும் பார்த்தேன்.

போன காரியம் செண்பகத்தின் பேறுகாலம். வயிற்றில் பிள்ளை கொஞ்சம் இறக்கமாக இருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தாய்வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்வீடு மகளிடம் போக வேண்டியதுதானே. பூண்டு, கருவாடு, பேறுகால மருந்து, சாம்பிராணி, கிழிக்கிற காலண்டர் எல்லாம் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிறார்களே, அதில் ஒரு சுருளும் வாங்கிக்கொண்டேன். பச்சைப்பிள்ளையைப் போர்த்த அதைவிட மெத்தென்ற துணி எந்த நாட்டிலும் கிடையாது.

விமானம் சிங்கப்பூருக்கு மேலே வந்த பிறகும் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், துணி வியாபாரம் பார்க்கிற பாய் ஒருவர்.

“ஆச்சி, பயப்படாதிய. கீழ ஒரே பொகையாம். எடம் பாத்து எறக்குதான்.”

“பயந்தவ மாதிரியா இருக்கேன்?”

“இல்ல ஆச்சி. எனக்குத்தான் பயமா இருக்கு. உங்களுக்குச் சொன்னா எனக்குத் தைரியம் வரும்னு பாத்தேன்.”

அவருக்கு என் பையிலிருந்து ஒரு சீடையை எடுத்துக் கொடுத்தேன். கடித்து முடிப்பதற்குள் விமானம் இறங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மூக்கில் ஏறிய வாடை எனக்குத் தெரிந்த வாடை. பங்குனி சித்திரையில் எங்கள் மேற்கு மலையில் தீப்பிடித்தால் இருட்டில் மாலை போட்ட மாதிரி எரியும்; காலையில் முற்றத்தில் சாம்பல் கிடக்கும். ஆனால் அந்தப் புகை ஒரு நாள், இரண்டு நாளில் போய்விடும். இது வேறு. ஈரச் சருகைக் குவித்து மூட்டம் போட்ட மாதிரி புளித்த வாடை. சூரியன் பழுத்த தக்காளி மாதிரி தொங்கியது. கண் கூசாமல் நேரே பார்க்கலாம்.

மாப்பிள்ளை மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை; அங்கே வானிலை அலுவலகத்தில் வேலை.

“அத்தை, பொம்பளப்பிள்ள. முந்தாநாளே பொறந்துட்டா.”

“இன்னும் நாள் இருக்கேய்யா.”

“ஆமா அத்தை. முந்திக்கிட்டா. ரெண்டு கையையும் சேத்து வச்சா அதுக்குள்ள அடங்கிருவா.”

என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளை. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. எனக்கு அந்தக் குழி தெரியும். என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். கடைசி வருஷங்களில் அவருக்கு நெஞ்சு இப்படித்தான் உள்ளே போய் வெளியே வரும். அவர் பெரிய ஆள், ஐம்பது வருஷம் மூச்சு விட்டுப் பழகியவர். இது இப்போதுதான் பழகுகிறது.

டாக்டரம்மா சீனப் பெண். அவர் சொன்னதைச் செண்பகம் எனக்குத் தமிழில் சொன்னாள்: “உங்கள் பேத்தி கெட்டிக்காரி. தானாக மூச்சு விடுகிறாள். இன்னும் கொஞ்சம் எடை ஏறினால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனால் இந்தப் புகையில் அரைமணி நேரம் வெளியே கொண்டுபோவதை அவள் நெஞ்சு தாங்காது. நல்ல காற்று வரட்டும்.”

“நல்ல காத்து எப்ப வரும்னு கேளுட்டி.”

செண்பகம் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு மாப்பிள்ளையைக் கை காட்டினார். “அதை இவரிடம் அல்லவா நாங்கள் கேட்கிறோம்.”

அப்போதுதான் மாப்பிள்ளையின் வேலை எனக்குப் புரிந்தது. மழையும் வெயிலும் சொல்லுகிற வேலை என்று நினைத்திருந்தேன். அந்த மாதம் முழுக்க அவர் செயற்கைக்கோள் அனுப்புகிற படத்தைப் பார்த்துப் புகை எங்கே கிளம்புகிறது, எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ரா என்று ஒரு தீவு, இந்தப் பக்கம் போர்னியோ என்று ஒரு தீவு. இரண்டிலும் காடு எரிந்தது. நடுவில் அகப்பட்டுக்கொண்டது சிங்கப்பூர்.

பிள்ளைக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. தாய்க்குச் செய்யலாம். பால் ஊற வேண்டுமென்றால் சுறாப்புட்டு வேண்டும். சந்தைக்கு நான் ஒருத்தியாகவே போனேன். மீன் கடைக்காரச் சீனருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறெதுவும் தெரியாது. கையைக் குவித்து முதுகுக்குப் பின்னால் துடுப்பு மாதிரி வைத்துக்கொண்டு கடை முன்னால் இரண்டடி நீந்திக் காட்டினேன். அவர் முழித்தார். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் குட்டிச் சுறா ஒன்றை எடுத்துத் தராசில் போட்டாள். பிறகு என் நெஞ்சைக் காட்டிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது போல் கையை ஆட்டினாள். நான் தலையாட்டினேன். இன்னொரு சுறாவையும் சேர்த்துப் போட்டாள்.

வீட்டில் பூண்டை உரித்துப் போட்டுப் புட்டு கிளறினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா வாடை பிடித்து வந்துவிட்டார். ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் அவர் வாழை இலையில் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த நெத்திலியும் கொண்டு வந்தார். எங்கள் தேங்காய்ச் சோற்றை விட நன்றாகத்தான் இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சாம்பிராணியை மட்டும் வெளியே எடுக்கவே இல்லை. குளிப்பாட்டிய தலைக்குச் சாம்பிராணி போடாமல் நான் ஒரு பேறுகாலமும் பார்த்ததில்லை. ஆனால் வெளியே ஊருக்கே யாரோ சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதற்கு? அதற்குப் பதிலாகக் கட்டுத் துணியை நாலு மடிப்பாக மடித்து, நனைத்து, ஜன்னல்களில் தொங்கவிட்டேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கடுங்காப்பி நிறம். பிழிந்தால் தண்ணீரும் அதே நிறம்.

“அத்தை, பொகைய வீட்டுல பிடிச்சு வச்சிருக்கிய. ஆபீசுல நாங்க படத்துலதான் பிடிக்கோம்” என்றார் மாப்பிள்ளை.

“அப்ப அந்தப் படத்த எனக்குக் காட்டணும்லா?”

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனார். மேலதிகாரியிடம் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். அலுவலகத்தில் இரண்டே பேர் இருந்தார்கள். சுவர் நிறையக் கருப்பு வெள்ளைப் படம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இது கடல் அத்தை, கருப்பா இருக்கது. வெள்ளையா திரண்டு கெடக்கது மேகம். இந்தா, வெளுத்தும் வெளுக்காத வேட்டி மாதிரி மங்கலா நீண்டு கெடக்குல்லா, இதுதான் பொக.”

“மேகத்துக்கு அடியில பொக இருந்தா?”

“தெரியாது. அங்கதான் எங்களுக்குத் தலவலி.”

இரவில் எடுத்த படத்தில் எரிகிற இடம் சூட்டினால் தனிப் புள்ளியாகத் தெரியுமாம். சுமத்ராவில் கடுகு கொட்டின மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழும் ஒரு காடு என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் மலையில் ஒரு மாலை எரிந்தாலே மனசு கேட்காது.

மாப்பிள்ளை செய்கிற வேலையின் சூட்சுமம் ஒரு பிளாஸ்டிக் தாளில் இருந்தது. படத்தின் மேல் கண்ணாடி மாதிரித் தாளை வைத்துப் புகையின் ஓரத்தை மெழுகுப் பென்சிலால் வரைவார். அடுத்த படம் வந்ததும் இன்னொரு தாள். நேற்றைய தாளின் மேல் இன்றையதை வைத்தால் புகை எத்தனை தூரம் நகர்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தெரிந்துவிடும். அதிலிருந்து நாளைக்கு அது எங்கே இருக்கும் என்று கோடு போடுவார். ஏழெட்டுத் தாளை அடுக்கிக் காட்டினார். ஊர்கிற பாம்பைப் பார்த்தது போல் இருந்தது.

“எங்க ஊரு எங்கய்யா?”

பழைய படம் ஒன்றை எடுத்து வந்தார். இந்தியாவின் வால் முனைக்குக் கொஞ்சம் மேலே, மலைமேல் நின்ற மேகத்துக்குக் கிழக்கே பென்சில் முனையை வைத்தார். முனைக்கு அடியில் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மம்சாபுரமும் எல்லாம் ஒன்றாக ஒளிந்துகொண்டன. அதே படத்தில் மேலே, வடக்கில், சாம்பல் பூசின மாதிரி ஒரு தீற்றல்.

“அது ராஜஸ்தான் மண்ணு. காத்துல கெளம்பிப் போகுது பாருங்க.”

என் மூத்தவன் அப்போது அங்கேதான் காவல் நின்றான். வாயைத் திறந்தால் மண், சோற்றில் மண் என்று எழுதுவான். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் எங்களுக்கும்தான் சோற்றில் மண் விழும், இதற்கா கடிதம் என்று நான் நினைத்ததுண்டு. மேலே இருந்து பார்த்தால் அந்த மண் ஒரு மாவட்டத்தையே மூடி நகர்ந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

கிளம்பும்போது மாப்பிள்ளை கடைசித் தாளைத் திரும்ப எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். இரண்டு தீவின் புகையும் சிங்கப்பூருக்குத் தெற்கே நெருங்கி வந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நின்றன. நடுவில் கருப்பாகக் கடல் தெரிந்தது, இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே இருக்கிற சந்து மாதிரி.

“ரெண்டு நாளா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் அத்தை. காத்து இப்படியே வீசுனா இந்தச் சந்து நம்ம தலைக்கு மேல வரும். நெறைய நேரம் நிக்காது. ஒரு சாயங்காலம் கெடைக்கும்.”

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நிலைமை மாறியது. புகையால் இருமல் கண்ட பிள்ளைகள் நிறைய வந்து சேர்ந்திருந்தன. பிள்ளைகளுக்குள் சளிக் காய்ச்சல் பரவுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். “எடை ஏறிவிட்டது. இனி உங்கள் பிள்ளை இங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே கொண்டுபோவதும் பிடிக்கவில்லை.” அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளை சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு மேல சந்து வரும்னு என் கணக்கு. ஆபீசுல பெரியவர் வியாழக்கிழம மழ பெய்யும், அது வரைக்கும் இருங்கன்னு சொல்லுதாரு. இன்னைக்குப் படத்துல மேகம் வந்து சந்த மறைச்சிருச்சு. உள்ள அது இருக்கா, மூடிருச்சான்னு தெரியல. ஊருக்கெல்லாம் சொல்லுதேன் அத்தை, எம் பிள்ளைக்குச் சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

செண்பகம் சுவரில் மாட்டியிருந்த என் காலண்டரைப் பார்த்தாள். “நாளைக்குச் செவ்வாக்கிழம. மூணு மணின்னா ராகு காலம். அம்மா ஒத்துக்கிட மாட்டாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பச்சைப்பிள்ளையை முதல் முதலாக வாசல்படி ஏற்றுவதற்கு நேரம் பார்க்காமல் விட்டதில்லை. எட்டுக்கும் பார்த்தேன். நான் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அதை நான் இந்த ஊர் நேரத்துக்கு மாற்றவே இல்லை. ஊர்ச் சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டும் என்று அப்படியே வைத்திருந்தேன்.

“இங்க மூணுன்னா நம்ம ஊருல பன்னெண்டரை. காலண்டர் அடிச்சது சிவகாசியில. அது நம்ம ஊரு மணிக்குத்தான் பேசும். செவ்வாக்கிழம பன்னெண்டரைக்குக் குளிகை. குளிகையில செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். பிள்ள வீட்டுக்கு வாரது திரும்ப நடந்தா நல்லதுதான?”

“ஒண்ணுக்கே இந்தப் பாடு. இன்னொண்ணு வேறயா?” என்றாள் செண்பகம். அத்தனை நாளில் அன்றுதான் அவள் சிரித்தாள்.

“மாப்பிள்ள, ரெண்டு தாள அடுக்கிப் பாத்துதான சொல்லுதிய? வாயில வந்தத சொல்லலியே. நாளைக்கே கூட்டிட்டு வருவோம்.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை. மாப்பிள்ளை புதுப் படம் பார்க்க அலுவலகம் போனார். நானும் செண்பகமும் ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கட்டுத் துணியில் சுற்றித் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மூன்று மணி ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே அதே பழுப்பு. மாப்பிள்ளை தொலைபேசியில் வந்தார். மேகம் விலகிவிட்டது, சந்து இருக்கிறது, ஆனால் மெதுவாக வருகிறது, செத்த நேரம் பொறுங்கள் என்றார்.

பொறுத்தோம். பக்கத்துத் தொட்டிலில் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்.

“அம்மா, குளிகை முடிஞ்சு போச்சே” என்றாள் செண்பகம், என் கடிகாரத்தை எட்டிப் பார்த்து.

நான் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். “சாவி குடுக்க மறந்துட்டேன். அது காட்டுறது சரியில்ல.”

கொஞ்ச நேரத்தில் தரையில் ஏதோ விழுந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியின் நிழல். நான் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எதற்கும் நிழல் விழுந்து பார்க்கவில்லை. முதலில் மங்கலாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கோடாகத் தெளிந்தது. வெளியே மரம் பச்சையாக இருந்தது.

டாக்டரம்மா ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்துப் பார்த்தார். “போங்கள். நிற்காமல் போங்கள்.”

எங்களைப் போலவே ஊர் முழுக்க வெளியே வந்துவிட்டது. டாக்சி பிடிக்க நீளமான வரிசை. துணிச் சுருளையும் அதற்குள் இருந்த முகத்தையும் பார்த்து முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி வழி விட்டார்கள். டாக்சிக்காரர் வயதான சீனர். பற்றவைத்திருந்த சிகரெட்டைத் தானே அணைத்தார். வழியில் அவர் கேட்டதைச் செண்பகம் எனக்குச் சொன்னாள்: “என் அம்மா வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார். நாளைக்கும் இப்படி இருக்குமா?”

“இருக்காது, இன்று சாயங்காலம் மட்டும்தான். என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றுவிட்டன. தெற்கே பார்த்தேன். ஆடிக் காற்றில் புழுதி எழும்பி வருவது போல ஒரு பழுப்புச் சுவர் கடல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. சந்தின் அடுத்த சுவர். அலுவலகத்தில் நான் பார்த்த பென்சில் கோடு அதுதான். செண்பகமும் பார்த்தாள். டாக்சிக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் வளைத்து ஓட்டி வீட்டு வாசலில் கொண்டு வந்து விட்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. வீடு ஏழாவது மாடி. செண்பகத்துக்குப் பச்சை உடம்பு.

“அம்மா, அவுக வார வரைக்கும் கீழ இருப்போமா?”

“பிள்ளயத் தாட்டி” என்றேன்.

அறுபத்து நாலு வயதில் ஏழு மாடி ஏறினேன். அய்யனார் கோவில் மலைப்பாதையில் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று தூக்கி ஏறியவளுக்கு இது என்ன என்றுதான் தொடங்கினேன். நாலாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றேன். என் கழுத்தில் பிள்ளையின் மூச்சுப் பட்டது, பூனைக்குட்டியின் மூச்சு மாதிரி. சீராக வந்தது. எனக்கு வாங்குகிறதே ஒழிய அவளுக்கு வாங்கவில்லை. அது போதும் என்று மிச்சத்தை ஏறினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். உள்ளே போய், கதவை அடைத்து, நனைத்த துணியை ஜன்னலில் விட்டு நிமிர்ந்தபோது எதிர்க் கட்டடம் மங்கத் தொடங்கியிருந்தது.

மாப்பிள்ளை வந்ததும் காலைக் கழுவிவிட்டு நேரே பிள்ளையிடம் போனார். முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார்.

“எப்படி இருக்கு மாப்பிள்ள?”

“சத்தமே இல்ல அத்தை. சும்மா வந்து போகுது.” சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அழட்டும் என்று நான் அடுப்படிக்குப் போய்ச் சுறாப்புட்டைச் சூடு பண்ணினேன்.

வியாழக்கிழமை மழை பெய்யவில்லை. பெரியவர் கணக்குத் தப்பிவிட்டது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேகத்துக்கு அடியில் இருப்பது யாருக்குத் தெரியும். அதற்குப் பிறகும் பல நாள் புகை இருந்தது. பிள்ளை உள்ளே நன்றாகப் பால் குடித்து, இரைச்சல் இல்லாமல் தூங்கினாள். கோமதி என்று பெயர் வைத்தோம். என் விசா தேதி முடிந்து நான் ஊருக்குக் கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

இதெல்லாம் நடந்து எட்டு வருஷமாகிறது. பள்ளிக்கூட விடுமுறைக்கு எல்லோரும் இராஜபாளையம் வந்திருக்கிறார்கள். வாய் ஓயாத பிள்ளையாக வளர்ந்திருக்கிறாள் கோமதி. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறார்களாம்; என் எழுத்தைவிட அவள் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. இப்போது தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுகிறாள். அவள் கத்துகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது.

ஏட்டி கோமதி, விளாடுனது போதும், உள்ள வா. அம்மாச்சி எழுதினத மொதல்லருந்து வாசிச்சுக் காட்டு. நல்லா மூச்ச இழுத்துக்கிட்டு, சத்தமா வாசி.